'தி மெசேஜ்' தந்த முஸ்தபா அக்காத்: நாம் கற்க மறந்த பாடம்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லாத காலம். ஒரு பெருநாள் இரவில் பக்கத்து வீட்டு முற்றத்தில் வீடியோ கெசட் போட்டு 'தி மெசேஜ்' காட்டினார்கள். ஆங்கிலம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் உஹதுப் போரில் ஹம்ஸா (ரழி) அவர்கள் ஷஹீதான காட்சியில், பாயில் இருந்த பெண்கள் அழுததை நான் மறக்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர் யாரென்று அறிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் சென்றன.

முஸ்தபா அக்காத் 1930இல் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்தவர். சினிமா படிக்க அமெரிக்கா புறப்பட்ட மகனின் கையில் தந்தை கொடுத்தவை இரண்டே பொருட்கள்: 200 டொலரும் ஒரு குர்ஆன் பிரதியும்.

நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இடம்பெறாமல் இஸ்லாத்தின் தொடக்கத்தைப் படமாக்க அவர் விரும்பினார். ஹொலிவூட் பணம் தரவில்லை. மக்காவைத் தளமாகக் கொண்ட உலக முஸ்லிம் லீக்கோ எதிர்த்தது. மொரோக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு சவூதியின் அழுத்தத்தால் நின்றது. பின்னர் லிபியாவின் உதவியுடன், ஆங்கிலத்துக்கும் அரபுக்கும் வெவ்வேறு நடிகர்களை வைத்து ஒரே கதையை இரண்டு முறை எடுத்து முடித்தார்.

1977 மார்ச்சில் அமெரிக்கத் திரைக்கு வந்தபோது, வொஷிங்டனில் ஆயுதக் குழுவொன்று பலரைப் பணயக்கைதிகளாக்கியது. அந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அங்கு படத்தின் வசூல் படுத்துவிட்டது.

அடுத்த வருடமே சுமார் 3 இலட்சம் டொலர் முதலிட்டு 'ஹலோவீன்' என்ற சிறிய திகில் படத்தை வெளிவரச் செய்தார். அது கோடிக்கணக்கில் சம்பாதித்தது. அதன் தொடர் படங்களை, அவரது சொந்த நிறுவனமான ட்ரான்காஸ் இன்டர்நெஷனல் 1988 முதல் தயாரித்தது. இடையில், இத்தாலியரை எதிர்த்துப் போராடிய உமர் முக்தாரின் வரலாற்றை 'லயன் ஒஃப் த டெஸர்ட்' என எடுத்தார். செலவு சுமார் 35 மில்லியன் டொலர். அதில் சிறு பங்குகூடத் திரும்பவில்லை. இத்தாலியும் தடை செய்தது. ஸலாஹுத்தீன் அய்யூபி பற்றிய படத்துக்குக் கடைசிவரை பணம் தேடினார். கிடைக்கவில்லை.

2005 நவம்பரில் அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகள் ரீமா உயிரிழந்தார். இரண்டு நாட்களில் அவரும் வபாத்தானார். குண்டு வைத்தவர்களும் இஸ்லாத்தின் பெயரையே சொன்னார்கள். 2018இல் 'தி மெசேஜ்' சவூதித் திரையரங்குகளிலேயே காட்டப்பட்டது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து எம்மவர்கள் வெளியேற்றப்பட்டதை ஆவணப்படமாக்க உதவி கேட்டு ஒரு இளைஞன் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்தான். படமா என்று கேட்டுச் சிலர் எழுந்து போனார்கள். நான் எழுந்து போகவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. இன்று அவன் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறான். அவன் பேட்டி காண நினைத்த முதியவர்களில் சிலர் மௌத்தாகிவிட்டார்கள்.

ஊடகங்கள் எம்மைத் தவறாகக் காட்டுகின்றன என்று நாம் அடிக்கடி முறையிடுகிறோம். எமது கதையைச் சொல்ல வருபவனுக்கு நாம் என்ன கொடுத்தோம்? அக்காத்துக்குத் திகில் படமாவது கைகொடுத்தது. அந்த இளைஞனைத் தேடிப் போய்ப் பேச நான் முடிவு செய்திருக்கிறேன்.