ஆனந்தரங்கரின் குலவழி

புதுவை ஆனந்தரங்கப் பிள்ளையின் முன்னோரைப் புகழ்ந்து கூறும் நூல் ஒன்று உண்டு. 1752-இல் சீனிவாச கவி வடமொழியில் இயற்றிய ஆனந்தரங்க விஜய சம்பு அது. பரிசில் பெறும் புலவன் வரைகின்ற கொடிவழியில் களங்கம் இராது, கவிமரபு அத்தகையது. ஆயினும் அக்குடும்பத்தை உருவாக்கிய நிகழ்ச்சி ஒரு சிறைக்கூடத்தில் நடந்தது.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கர். தந்தை திருவேங்கடம் பிள்ளையைப் புதுவைக்கு அழைத்தவர் மைத்துனர் நைனியப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசி. 1716-இல் ஆளுநர் எபேர் நைனியப்பரைச் சிறையிலிட்டார். பொருள் பறிமுதலாயிற்று, கடைத்தெருவில் கசையடி, 1717-இல் சிறையிலேயே மரணம். அப்போது ஆனந்தரங்கருக்கு எட்டு வயது. நைனியப்பரின் மகன் குருவப்பர் பிரான்சுவரை சென்று முறையிட்டார். தீர்ப்பு மாறியது, தந்தை காண இல்லை. அங்கே கிறித்துவராகி, செவாலியே விருதும் பெற்றுத் திரும்பிய குருவப்பர் தலைமைத் துபாசியானார், 1724-இல் மறைந்தார். இரண்டாண்டில் திருவேங்கடம் பிள்ளையும் காலமானார்.

குருவப்பருக்குப்பின் அப்பதவி இக்குடும்பத்தை விட்டு நீங்கியது. தலைமைத் துபாசியாயிருந்த கனகராய முதலியார் 1746-இல் இறந்தபோது, அவ்விடத்திற்குக் கிறித்துவர் ஒருவரே வேண்டுமென்று பாதிரிமார் வற்புறுத்தினர். ஆனந்தரங்கர் வைணவராகவே நின்றார். வைணவராகவே பதவியும் பெற்றார். குருவப்பரின் வாழ்வோடு ஒப்பிட்டாலன்றி இதன் அருமை விளங்காது.

1736 செப்டம்பரில் தொடங்கி அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வரவு, துணி வாணிகம், துய்ப்ளேக்சின் ஆலோசனைகள், தெருவில் கேட்ட வதந்தி எல்லாம் உள்ளன. நடையோ பேச்சோடு ஒட்டியது. கவிஞர்களை ஆதரித்தவர் தமக்கென அலங்காரம் எதையும் கேட்கவில்லை. ஆளுநரின் சினம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவர், அன்றன்று கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்ததில் வியப்பில்லை.

1756-இல் பதவி போயிற்று. 1761 சனவரி 12-இல் அவர் மறைந்தார். நான்காம் நாள் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. குறிப்பேட்டைத் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்தார். 1846-இல் கலுவா மொம்பிரோன் கண்டறியும்வரை அவ்வேடுகள் புதுவையிலேயே அறிவாரின்றிக் கிடந்தன. சம்பு 1948-இல் வே. ராகவன் பதிப்பாக அச்சேறியது.