எஃப். டபிள்யூ. சாம்பியன்

பிரெடரிக் வால்ட்டர் சாம்பியன் (ஆகஸ்ட் 24, 1893 - 1970) பிரித்தானிய இந்தியாவின் ஐக்கிய மாகாணத்தில் பணியாற்றிய வன அலுவலரும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் சுருக்கப் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார். காட்டில் தன்போக்கில் திரியும் புலியை இரவு நேரத்தில், அருகில் மனிதர் எவரும் இல்லாத நிலையில், அப்புலியே இயக்கிய பிளாஷ் ஒளியைக் கொண்டு படம் பிடித்தவர்களுள் இவர் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இப்படங்களின் வழியே, ஒவ்வொரு புலியையும் அதன் உடல்வரிகளைக் கொண்டு தனித்தனியே இனங்காண முடியும் என்பதையும் இவர் கண்டறிந்தார். திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களுக்கு மேற்கேயுள்ள மலைக்காடுகள் உட்பட இந்தியப் புலிகள் காப்பகங்களில் இன்று புலிகளைக் கணக்கிடப் பயன்படும் தானியங்கி ஒளிப்படக்கருவிகள் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

வாழ்க்கை

சாம்பியன் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தார். இவருடைய தந்தை ஜார்ஜ் சார்லஸ் சாம்பியன் பெயர்பெற்ற பூச்சியியலாளர். உடன்பிறந்தவரான சர் ஹாரி ஜார்ஜ் சாம்பியனும் இந்திய வனத்துறையில் பணியாற்றியவரே. இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் காடுகளை வகைப்படுத்தி ஹாரி சாம்பியன் 1936இல் வெளியிட்ட ஆய்வு, பின்னர் சேத் என்பவருடன் இணைந்து 1968இல் திருத்தி வெளியிடப்பட்டது. வனவியல் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல் அது. அதனால் வனவியல் நூல்களில் சாம்பியன் என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் அது பெரும்பாலும் ஹாரியையே குறிக்கும். சகோதரர்கள் இருவரையும் குழப்பிக்கொள்ளுதல் எளிது.

1913ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெடரிக், முதலில் கிழக்கு வங்காளத்தில் காவல்துறையில் பணியாற்றினார். முதல் உலகப் போரின்போது இந்தியப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். போரில் கண்டவையும் பட்டவையும் பொழுதுபோக்குக்காக உயிர்களைக் கொல்வதன் மீது இவருக்கு வெறுப்பை ஏற்படுத்தின. போருக்குப் பின் ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் சேர்ந்து, துணை வனப் பாதுகாவலராக உயர்ந்தார். அம்மாகாணத்தின் நிலப்பகுதி இன்று உத்தரப் பிரதேசம், உத்தராகண்டம் என இரு மாநிலங்களாக உள்ளது. இமயமலையின் அடிவாரத்தில் அமைந்த சிவாலிக் குன்றுகளின் காடுகளிலேயே இவருடைய ஒளிப்படப் பணி பெரும்பாலும் நிகழ்ந்தது.

அக்காலத்தில் வன அலுவலர் ஒருவர் துப்பாக்கி ஏந்தாதிருத்தல் வியப்புக்குரிய செய்தி. புலி வேட்டை, ஆளுநர்களும் சமஸ்தான மன்னர்களும் விருந்தினரை மகிழ்விக்கும் வழக்கமாக இருந்தது. புலி, சிறுத்தை, செந்நாய் போன்ற விலங்குகளைக் கொல்வோருக்கு அரசே பரிசுப்பணம் வழங்கி வந்தது. இச்சூழலில் சாம்பியன் துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக்கருவியுடன் காட்டுக்குச் சென்றார்.

இரவில் ஒளி

பகலில் யானை மீதமர்ந்து சாம்பியன் பல படங்களை எடுத்துள்ளார். யானை மேலிருக்கும் மனிதனை விலங்குகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் புலி பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. அக்காலக் கண்ணாடித் தகடுகளும் சுருள்களும் ஒளியுணர்வு குறைந்தவை. நிலவொளியில் நடக்கும் விலங்கை அவற்றில் பதிவு செய்ய இயலாது. எனவே ஒளியைப் படம் எடுப்பவரே கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

1887இல் செருமனியில் அடால்ஃப் மீத்தே, யோகான்னசு கேடிக்கே ஆகிய இருவர் மக்னீசியம் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டும் ஆண்டிமனி சல்பைடும் கலந்த பிளாஷ் தூளை உருவாக்கினர். தீப்பொறி பட்டதும் இத்தூள் பெருவெளிச்சத்துடன் எரியும். புகையும் ஓசையும் மிகுதி. கையாண்டவர்கள் காயமுற்ற நிகழ்வுகளும் உண்டு. இத்தகைய ஒளியைக் காட்டுக்குள் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ். இவர் எடுத்த இரவுப் படங்கள் 1906ஆம் ஆண்டு சூலை மாத நேசனல் சியோகிரபிக் இதழில் 74 படங்களாக வெளிவந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் செருமானியரான கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ் இதே போன்ற முயற்சியை மேற்கொண்டார். இந்தியக் காட்டில் இம்முறையைக் கொண்டு புலியைப் படம் பிடித்த பெருமை சாம்பியனைச் சாரும்.

அமைப்பு கேட்பதற்கு எளிது. புலிகள் அடர்ந்த புதருக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு நடப்பதைவிடக் காட்டுப் பாதைகளிலும் வறண்ட ஓடைப் படுகைகளிலும் நடப்பதையே விரும்புகின்றன. காலடித் தடங்களைக் கொண்டு அவ்வாறான பாதையைத் தேர்ந்து, அதன் குறுக்கே மெல்லிய இடறுகம்பி ஒன்று கட்டப்படும். விலங்கின் கால் கம்பியில் பட்டதும் மின்சுற்று இணைந்து, பிளாஷ் தூள் எரியும், ஒளிப்படக்கருவி இயங்கும். பின்னர் காட்டில் எவரும் விழித்திருக்கத் தேவையில்லை.

நடைமுறையில் ஒருமுறை எரிந்த தூளை மீண்டும் நிரப்பும்வரை கருவி பயனற்றது. எனவே ஓர் அமைப்பு ஓர் இரவில் ஒரே ஒரு படத்தையே தரும். அந்த ஒன்றை முள்ளம்பன்றியோ, மேய்ச்சல் மாடோ, காற்றில் விழுந்த கிளையோ வீணாக்கிவிடலாம். பனியில் தூள் நமத்துப்போவதும் உண்டு. விடியும்போது பாதையில் புலியின் தடம் இருந்து, கம்பி தொடப்படாமல் இருந்தால் அதுவே பெரும் ஏமாற்றம். ஒரு நல்ல படத்துக்குப் பின்னால் பல வீணான இரவுகள் இருந்தன.

விளக்கு வைக்கும் இடம்

இன்று பிளாஷ் ஒளியைக் கருவியின் தலையிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் வைக்கக் கற்பவர்கள் வானொலி அலைவழி இயங்கும் விசைகளைப் பயன்படுத்துகின்றனர். சாம்பியனின் காலத்தில் அவ்வாறு கழற்ற வேண்டிய தேவையே எழவில்லை. தூள் எரியும் தட்டைக் கண்ணாடி வில்லைக்கு அருகில் வைத்தால் தீயும் புகையும் கருவியைக் கெடுத்துவிடும் என்பதால், ஒளி தொடக்கத்திலிருந்தே தனியாக நின்றது. இக்கட்டாயம் படங்களுக்கு நன்மையாகவே முடிந்தது.

விளக்கு வில்லைக்கு ஒட்டியே இருந்தால் விலங்கின் மீது ஒளி நேராக விழுந்து நேராகவே திரும்பும். நிழல்கள் உடலுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் புலி தட்டையாக, வெட்டி ஒட்டிய அட்டை போல் தோன்றும். புலியின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஒளி வந்த திசையிலேயே அது திருப்பி அனுப்புவதால், வில்லை அத்திசையில் இருந்தால் கண்கள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாக எரியும். பனித்துளியும் தூசியும் பூச்சியும் வில்லைக்கு முன்னால் வெண்புள்ளிகளாக மிதக்கும். விளக்கைச் சில அடிகள் விலக்கிப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் வைத்தால் இக்குறைகள் பெரும்பாலும் நீங்கும். தோளின் தசையும் மயிரின் அமைப்பும் தெளிவாகும். மிகவும் விலக்கினாலோ ஒளி உடலை உரசிச் சென்று, ஒரு பகுதி வரிகள் நிழலில் மூழ்கிவிடும்.

தொலைவும் முக்கியமானது. விளக்குக்கும் விலங்குக்கும் இடையிலான தொலைவு இருமடங்கானால் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒளிப்படக்கருவி எங்கே இருக்கிறது என்பது இக்கணக்கில் சேராது. மனிதரைப் படம் எடுப்பவர் ஒரு படம் எடுத்துப் பார்த்து விளக்கை நகர்த்திக்கொள்ளலாம். சாம்பியனோ வராத விலங்குக்காக, வரப்போகும் இடத்தைக் கணித்து, பகலிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இடறுகம்பி இங்கே இன்னொரு வகையிலும் உதவியது. விலங்கு எந்த இடத்தில் நிற்கும்போது படம் பதிவாகும் என்பதை அக்கம்பியே முடிவு செய்தது. குவியமும் ஒளியும் அந்த ஓரிடத்துக்கு அமைக்கப்பட்டால் போதும்.

படங்களும் நூல்களும்

சாம்பியனின் புலிப் படங்கள் 1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலண்டனின் இல்லசுட்ரேட்டட் இலண்டன் நியூசு இதழில் வெளியிடப்பட்டுப் பெரும் வரவேற்பைப் பெற்றன. இயற்கையான வாழிடத்தில் எடுக்கப்பட்ட முதல் புலிப் படங்கள் என்று அவை அறிமுகப்படுத்தப்பட்டன. அதுவரை மக்கள் கண்ட புலிப் படங்கள் பெரும்பாலும் கூண்டுப் புலியுடையவை, அல்லது காலடியில் கிடத்தப்பட்ட பிணத்துடன் வேட்டைக்காரர் நிற்பவை.

வித் எ கேமரா இன் டைகர்லேண்ட் என்னும் இவரது முதல் நூல் 1927இலும், தி சங்கிள் இன் சன்லைட் அண்ட் சேடோ என்னும் இரண்டாம் நூல் 1934இலும் வெளிவந்தன. புலி மட்டுமின்றிச் சிறுத்தை, கரடி, செந்நாய் உள்ளிட்ட பல விலங்குகளின் படங்களை இவர் எடுத்துள்ளார். யாரும் பெருமையாகக் கருதாத சிறு விலங்குகளுக்கும் புலிக்கு நிகரான பொறுமையைச் செலவிட்டிருப்பது இவருடைய தனிச்சிறப்பு எனலாம்.

வேட்டைக்காரராகப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் இவருடைய நண்பர். கார்பெட் துப்பாக்கியைக் குறைத்து ஒளிப்படக்கருவியைக் கையிலெடுக்கச் சாம்பியனின் படங்கள் தூண்டுதலாக அமைந்தன. 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான எய்லி தேசியப் பூங்கா உருவாவதற்குத் துணைநின்றவர்களுள் இருவரும் அடங்குவர். அது 1957இல் கார்பெட்டின் பெயரைப் பெற்றது. சாம்பியனின் பெயர் பொதுமக்களிடையே அந்த அளவுக்குப் பரவவில்லை. ஆட்கொல்லிப் புலிக் கதைகளுக்கு உள்ள ஈர்ப்பு இடறுகம்பிக்கு இல்லாததே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

துப்பாக்கி உரிமங்களைக் கட்டுப்படுத்த வேண்டும், காப்புக்காடுகளுக்குள் மோட்டார் வண்டிகள் நுழைவதைத் தடுக்க வேண்டும், விலங்குகளைக் கொல்வதற்கான பரிசுப்பணத்தைக் குறைக்க வேண்டும் என்று சாம்பியன் வலியுறுத்தி வந்தார். மரங்களைக் காப்பதோடு வனத்துறையின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பது இவரது கருத்து.

வரிகளும் கணக்கும்

ஒரே பாதையில் பல மாதங்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, எந்த இரு புலிகளின் வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது சாம்பியனுக்குப் புலப்பட்டது. மனிதரின் கைரேகையைப் போல இவ்வரிகள் வாழ்நாள் முழுதும் மாறாதவை. ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும்கூட வேறுபடும்.

இக்கண்டுபிடிப்பு புலிக் கணக்கெடுப்புக்கு உடனே பயன்படுத்தப்படவில்லை. இந்தியாவில் 1960களிலிருந்து காலடித் தடங்களைப் படியெடுத்து எண்ணும் முறையே பின்பற்றப்பட்டது. மணலிலும் சேற்றிலும் ஒரே காலின் தடம் வெவ்வேறாகப் பதியும் என்பதால் இம்முறை பிழைக்கு இடம் கொடுத்தது. இராசத்தானின் சரிசுகா காப்பகத்தில் ஏட்டளவில் புலிகள் இருக்க, உண்மையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியானது. காலடித் தடங்களைக் கொண்டு 2001-02இல் நாட்டின் புலிகள் 3,642 எனக் கணக்கிடப்பட்டிருந்தன. புதிய முறையில் 2006இல் மதிப்பிட்டபோது கிடைத்த எண் 1,411. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் கள்ளவேட்டை எவ்வளவு, பழைய முறையின் பிழை எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

புதிய முறையின் வேர் கருநாடகத்தில் உள்ளது. அங்குள்ள நாகரகொளைக் காட்டில் உயிரியலாளர் உல்லாசு கரந்த் 1990களின் தொடக்கத்தில், தானியங்கிக் கருவிகள் எடுத்த படங்களின் வரிகளைப் புள்ளியியல் முறையுடன் இணைத்துப் புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். இடறுகம்பியின் இடத்தில் உடல்வெப்பத்தையும் அசைவையும் உணரும் கருவிகள் வந்துவிட்டன. தூளின் இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவே நீடிக்கும் மின்பிளாஷ் வந்துள்ளது. புலியின் இரு பக்கங்களையும் ஒரே வேளையில் பதிவு செய்வதற்காகப் பாதையின் இரு ஓரங்களிலும் எதிரெதிராக இரு கருவிகள் பொருத்தப்படுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கருவிகள் விலங்கைக் குறைவாகவே மிரட்டும். எனினும் நடக்கும் புலியின் வரிகள் அவற்றில் மங்கிவிடக்கூடும் என்பதால், வரிகளைப் படித்தறிய வெள்ளொளிப் பிளாஷே ஏற்றதாகக் கருதப்படுகிறது.

2018ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டு, ஏறத்தாழ 3 கோடியே 48 இலட்சம் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் புலிப் படங்கள் 76,651. அவற்றின் வரிகளைக் கொண்டு 2,461 புலிகள் தனித்தனியே இனங்காணப்பட்டன. ஓர் இரவுக்கு ஒரு படம் என்று காத்திருந்தவரின் முறை இந்த அளவுக்கு விரிந்துள்ளது.

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் 1988இல் அமைக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம், நீண்ட காலம் அவ்வணிலுக்காகவே அறியப்பட்டது. இராஜபாளையத்திலிருந்து பார்த்தால் தெரியும் இம்மலைகளுக்கு அப்பால் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் உள்ளது. புலிகளுக்கு மாநில எல்லை கிடையாது. 2021 பெப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலை வனவிலங்கு சரணாலயமும் இணைக்கப்பட்டு, 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும். பெரியாற்றுப் பக்கம் படமான புலி ஒன்று பின்னர் இப்பக்கம் படமானால், அதன் விலாவிலுள்ள வரிகளை ஒப்பிட்டு அது அதே புலி என்று உறுதிசெய்யலாம்.

இறுதிக் காலம்

1947இல் இந்தியா விடுதலை பெற்றபின் சாம்பியன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்கும் வனத்துறையில் பணியாற்றினார். 1970ஆம் ஆண்டு இசுக்காட்லாந்தில் காலமானார். அதே ஆண்டில்தான் இந்திய அரசு நாடு முழுவதும் புலி வேட்டையைத் தடைசெய்தது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலும், புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973இலும் நடைமுறைக்கு வந்தன.