தண்ணீர் தேடிய மன்னர்

பாலைவனத்தில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்க்கச் சொன்னார் அந்த மன்னர். எண்ணெய் கிடைக்கலாம் என்று பதில் வந்தது!

அவர்தான் அரேபியாவின் இபின் சவூத். இயற்பெயர் அப்துல் அஸீஸ்.

சிறு வயதிலேயே அவர் குடும்பம் ரியாத் நகரை எதிரிகளிடம் இழந்தது. குவைத்தில் அகதியாக வளர்ந்தார். 1902-ம் ஆண்டு ஜனவரியில், சுமார் 40 பேருடன் இரவோடு இரவாக மதில் ஏறி ரியாத்துக்குள் புகுந்தார். காலையில் கோட்டை அவர் வசம்! பிறகு பல ஆண்டுகள் போரிட்டுத் தம் ராஜ்யத்தை விரிவாக்கினார். 1932-ல் அதற்குச் சவூதி அரேபியா என்று பெயரிட்டார்.

பாலைவனத்தில் வாழ்ந்தவர்கள் பதூயின் என்ற நாடோடிகள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரின் ஒட்டகங்களைக் கொள்ளையடித்து வருவதை வீரம் என்று நினைத்தார்கள். மன்னர் அதற்குத் தடை போட்டார். கொள்ளையை நிறுத்தியவர் சோறு போட வேண்டும் அல்லவா? போட்டார். தேடி வந்தவர்களுக்கெல்லாம் அரிசியும் துணியும் பணமும் கொடுத்தார். ஏழை நாடோடியும் அவர் எதிரே கம்பளத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, வழக்கைச் சொல்லலாம்.

ஆனால் கஜானா காலி! ஹஜ் யாத்திரீகர்களால் வரும் பணமே முக்கிய வருமானம். 1930-க்குப் பிறகு உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வரும் கூட்டம் குறைந்தது. கீழைக் கடற்கரையில் முத்துக் குளித்தவர்கள் பாடும் திண்டாட்டம். ஜப்பானியர் சிப்பியில் முத்து வளர்த்து மலிவாக விற்றார்கள்.

இந்த நிலையில்தான் அமெரிக்க என்ஜினீயர் டுவிட்செல் தண்ணீர் தேடி வந்தார். 1933 மே மாதம், கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதல் பணம் 35,000 தங்கப் பவுன். பெட்டி பெட்டியாக ஜித்தாவில் வந்து இறங்கியது.

கம்பெனிக்காரர்களுக்குப் பாலைவனத்தில் திசை தெரியவில்லை. கமீஸ் பின் ரிம்தான் என்ற நாடோடி வழிகாட்டினார். வரைபடம் இல்லாமலே கிணறு இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்வார். பிற்காலத்தில் ஓர் எண்ணெய் வயலுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

1938-ல் தம்மாமில் தோண்டிய ஏழாவது கிணற்றில் எண்ணெய் பெருகியது. 1939 மே முதல் தேதி, ராஸ் தனூராவில் மன்னரே குழாயைத் திறந்து, முதல் கப்பலுக்கு எண்ணெய் அனுப்பினார்.

அதற்குப் பின் வாழ்க்கை தலைகீழாக மாறியது. ஒட்டகம் மேய்த்தவரும் முத்துக் குளித்தவரும் கம்பெனி வேலைக்கு ஓடினார்கள். சூரியனைப் பார்த்து நேரம் அறிந்தவர்கள் கடிகாரத்துக்கு அடங்கினார்கள். முன்பு தலைவர் கொடுத்தால் உண்டு. இப்போது கையில் சொந்தச் சம்பளம். சுமை தூக்க லாரி வந்ததும் ஒட்டகத்துக்கு மதிப்புக் குறைந்தது. தஹ்ரானில் அமெரிக்கர்களுக்கு வேலி போட்ட, குளிர்சாதன வீடுகள். அரபுத் தொழிலாளிகளுக்கோ வெளியே ஓலைக் குடிசை. சொந்த மண்ணில் இப்படி ஒரு வேலியா என்ற மனக்குறை வளர்ந்தது.

மன்னருக்கு முதுமை வந்துவிட்டது. போரில் பட்ட காயங்களாலும் மூட்டு வலியாலும் நடக்க முடியவில்லை. 1945-ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொடுத்த சக்கர நாற்காலியில் இருந்தார். 1950-ல் லாபத்தில் பாதி சர்க்காருக்கு என்று ஏற்பாடாயிற்று. பணம் கொட்டியது. மண் சுவர் ரியாத்தில் சிமென்ட் அரண்மனைகள் எழுந்தன. எளிமையாக வாழ்ந்த மன்னருக்கு, அந்தப் பணத்தைக் கட்டி ஆளத் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு சில பெட்டிகளில் அடங்கிய பழைய கஜானாவா அது?

1953 அக்டோபரில் எண்ணெய்த் தொழிலாளிகள் சுமார் 13,000 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். நல்ல கூலியும் நல்ல வீடும் கேட்டார்கள். அவர்களுடைய தலைவர்களைச் சர்க்கார் கைது செய்தது, ராணுவம் வந்தது. கம்பளத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்ட மன்னர் அப்போது படுத்த படுக்கையாக இருந்தார்.

நவம்பர் 9-ந் தேதி தாயிப் நகரில் அவர் காலமானார். உடலை ரியாத்துக்குக் கொண்டுவந்து, பொது மயானத்தில் புதைத்தார்கள். அங்கே பெயர் பொறித்த கல் கிடையாது.