வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர்

வங்க நாட்டுப் புதுக் கவிதையின் தந்தையெனப் போற்றப்பெறும் மைக்கேல் மதுசூதன தத்தர் 1824-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ஆம் நாள், யசோர் நாட்டுச் சாகர்தாரி என்னும் சிற்றூரில், கபோதாட்ச ஆற்றங்கரையில் தோன்றினார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தின்பாற்பட்டது. தந்தையார் இராஜநாராயண தத்தர் கல்கத்தாவில் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் ஜானவி தேவியார் தம் ஒரே செல்வ மகனுக்கு இராமாயண பாரதக் கதைகளை இளமையிலேயே ஊட்டி வளர்த்தார்.

கல்கத்தா இந்துக் கல்லூரியிற் புகுந்த பின்னர் அவர் உள்ளம் வேறு வழிச் சென்றது. ரிச்சர்ட்ஸன் என்னும் ஆங்கில ஆசிரியரின் கவிதைச் சுவை மாணவரைப் பிணித்தது. பிறந்த நாட்டில் இருந்துகொண்டே இங்கிலாந்தை எண்ணி ஏங்கி ஆங்கிலத்திற் பாடல்கள் புனைந்தார். தாய்மொழியோ கற்றோர் கைக்கொள்ளத் தகாததாய் அவருக்குத் தோன்றிற்று. பெருங்கவியாக வேண்டுமாயின் பிறிதொருவனாக மாறவேண்டும் என்று அவ்விளைஞர் கருதினார் போலும்!

இந்நிலையிற் பெற்றோர் அவருக்கு மணம் பேசினர். முன்பின் அறியாத பெண்ணை மணக்க அவர் இசைந்திலர். 1843-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் நாள், பத்தொன்பது ஆண்டு நிரம்பிச் சில நாட்களே ஆன மதுசூதனர் ஞானஸ்நானம் பெற்றார். சமயப் பற்றோடு, மணத்தினின்றும் நீங்கும் கருத்தும், இங்கிலாந்து செல்லும் ஆவலும் அச்செயலிற் கலந்திருந்தன என்பர். இந்துக் கல்லூரியை விடுத்து பிஷப் கல்லூரியிற் சேர்ந்து, கிரேக்கமும் இலத்தீனும் வடமொழியும் பயின்றார். சில ஆண்டுகள் பொருளுதவிய தந்தையார் பின்னர் அதனை நிறுத்திவிட்டார். பழைய இல்லம் அவரை ஏற்கவில்லை. அவர் விரும்பிய இங்கிலாந்தோ எட்டவில்லை.

ஆகவே, 1848-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அறிமுகமற்ற நம் சென்னை நகர்க்கு வந்து, அநாதைச் சிறுவர் பள்ளியொன்றில் ஆசிரியரானார். இரெபெக்கா என்னும் மங்கையை மணந்தார். 1849-இல் பிரிதிவிராஜன் கதையைத் தழுவிய ஆங்கிலக் காவியமொன்றை இங்கே அச்சிட்டார். அதன் படியொன்று, கல்கத்தாவிற் கல்வித்துறைத் தலைவராயிருந்த பெதூன் என்னும் ஆங்கிலேயரை அடைந்தது. ஆங்கிலத்திற் பெற்ற பயிற்சியைத் தாய்மொழிக்குப் பயன்படுத்துவதே தக்கது என அவர் அறிவுறுத்தினார். எவருடைய மொழியிற் புகழ் பெற விழைந்தாரோ, அவ்வினத்தார் ஒருவரே அவரைத் தம் மனைக்குத் திருப்பியனுப்பியது வியப்பன்றோ!

மதுசூதனர் தம் வங்கமொழி மறந்துவருவதை அதற்கு முன்பே உணர்ந்திருந்தார். கல்கத்தாவிலிருந்த நண்பர் கௌர்தாஸுக்கு எழுதி, வங்கமொழி இராமாயணத்தையும் பாரதத்தையும் வருவித்தார். எபிரேயம், கிரேக்கம், தெலுங்கு, வடமொழி, இலத்தீன், ஆங்கிலம் ஆகியவற்றை நாள்தோறும் நேரம் வகுத்துப் பயின்றார். இவையெல்லாம் முன்னோர் மொழியை அணிசெய்யவே என்பது அவர் கருத்தாயிற்று.

பெற்றோர் இருவரும் மறைந்தபின் 1856-இற் கல்கத்தா மீண்டார். இரெபெக்காவையும் மக்கள் நால்வரையும் சென்னையிலேயே விட்டுப் பிரிந்தார். இக்குறையை அவர் கவிச்சிறப்புக் கொண்டு மறைத்தல் ஆகாது. 1859-இற் சர்மிஷ்டை நாடகம் வெளிவந்தது. 1861-இல் மேகநாத வதம் என்னும் ஒன்பது சருக்கப் பெருங்காப்பியம் தோன்றியது. நாம் இந்திரசித்தென வழங்கும் அரக்கர் இளவரசனே அதன் தலைவன். அன்னை ஊட்டிய கதையும், மில்டனிடத்தும் ஹோமரிடத்தும் கற்ற நடையும் அந்நூலில் ஒன்றாயின. எதுகைத் தளையை நீக்கிய புதிய யாப்பும் வங்கமொழிக்கு வாய்த்தது.

1862-இல் அவர் இளமைக் கனவு நனவாயிற்று. சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். பின்னர்ப் பிரெஞ்சு நாட்டு வெர்சேல்ஸ் நகரில் வறுமையுற்றபோது, ஈசுவரசந்திர வித்தியாசாகரர் பொருளனுப்பிக் காத்தார். அங்கிருந்து அவர் பாடியது யாது? பிறந்த ஊரின் கபோதாட்ச ஆற்றையே! பதினான்கடிப் பாடல் என்னும் மேனாட்டு வடிவில், வங்கமொழியில் அவ்வாறு ஓடலாயிற்று. நாடு திரும்பி வழக்கறிஞராய் வாழ்ந்தும் கடன் அவரை விட்டிலது. 1873-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் உயிர்நீத்தார்.

அவர் இறுதிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். மைக்கேல் என்னும் பெயரையும் மதுசூதனன் என்னும் பெயரையும் சேர்த்தே தாங்கினார். சமயம் மாறினார் மொழியும் மாறவேண்டும் என்பார்க்கு அவர் வாழ்க்கையே விடை. அவர் மனை துறந்த வயதே நம் வயதும். தாய்மொழி கற்கப் புகுந்தாரைக் காலத்திற்கு ஒவ்வாதவர் என நகையாடுவாரும் நம்மிடை உளர். பிறமொழிச் செல்வத்தை ஆர்வத்தோடு ஈட்டுவோம். ஆயினும் அதனைக் கொண்டுவந்து வைத்தற்கு நம் மனையொன்று உண்டென்பதை மறவாதிருப்போமாக.