ஏழைக் குழந்தைகளுக்காக வாழ்ந்த மார்கரெட் மக்மில்லன்

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. இது எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால், பசித்த பிள்ளைக்கு உணவு கொடுப்பது சர்க்காரின் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள இங்கிலாந்துக்கு வெகுகாலம் பிடித்தது. அதற்காக அல்லும் பகலும் போராடியவர்களில் ஒருவர், மார்கரெட் மக்மில்லன் அம்மையார்.

மார்கரெட் 1860-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1865-ல் தந்தையும் கடைசித் தங்கையும் இறந்து போனார்கள். நோயில் விழுந்த மார்கரெட் பிழைத்தார். ஆனால் காது செவிடாயிற்று. 14 வயதில்தான் மீண்டும் கேட்கத் தொடங்கியது. விதவையான தாய், மார்கரெட்டையும் அவருடைய அக்காள் ரேச்சலையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார்.

அக்காளும் தங்கையும் உயிருக்கு உயிரானவர்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆலை நகரில்

1893-ல் மார்கரெட் பிராட்போர்டு நகருக்குச் சென்றார். கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர் அது. ஏழைப் பிள்ளைகள் பாதி நாள் ஆலையில் உழைத்தார்கள். பாதி நாள் பள்ளியில் தூங்கி வழிந்தார்கள். உடம்பெல்லாம் அழுக்கு, தலை நிறையப் பேன்.

மறு ஆண்டு நடந்த பள்ளிக் குழுத் தேர்தலில் மார்கரெட் வெற்றி பெற்றார். டாக்டர் ஜேம்ஸ் கெர் என்பவருடன் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையைச் சோதிக்கும் வேலையில் இறங்கினார். 1897-ல் ஒரு பள்ளியிலேயே குளியலறைகள் கட்டப்பட்டன.

பறிபோன பதவி

1902-ல் வந்த புதிய சட்டம் பள்ளிக் குழுக்களை ஒழித்தது. கல்விப் பொறுப்பு நகர சபைகளுக்குப் போயிற்று. அந்தச் சபைகளில் பெண்கள் உறுப்பினராக முடியாது. அம்மையாரின் பதவி பறிபோயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. லண்டனுக்குப் போய், பேச்சாலும் எழுத்தாலும் கிளர்ச்சி செய்தார். 1906-ல், ஏழை மாணவர்களுக்கு உணவு அளிக்க உள்ளூர் நிர்வாகங்களுக்கு அனுமதி தரும் சட்டம் நிறைவேறியது. 1907-ல் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் ஆயிற்று.

நோய் எங்கே இருந்தது?

1910-ல் சகோதரிகள் இருவரும் லண்டனில் டெப்ட்போர்டு என்ற ஏழைகள் பகுதியில் சிகிச்சை நிலையம் நடத்தினார்கள். கண் நோய், காது நோய், சொறி, சொத்தைப் பல் எல்லாவற்றுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது. ஆனால், குணமாகிப் போன பிள்ளைகள் அதே நோயுடன் திரும்பி வந்தார்கள்! காற்றும் வெயிலும் புகாத நெருக்கடியான வீட்டில்தான் நோய் குடியிருந்தது.

எனவே 1911-ல், சிறுமிகள் இரவில் திறந்த வெளியில் படுத்து உறங்க முகாம் அமைத்தார்கள். அவர்களின் உடம்பு தேறியது. பள்ளிக்கு வரும் வயதுக்கு முன்பே குழந்தை கெட்டுவிடுகிறது என்பதையும் சகோதரிகள் கண்டார்கள். ஆகவே 1914-ல், சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகத் திறந்தவெளி நர்சரி பள்ளியை ஆரம்பித்தார்கள்.

சுற்றிலும் தோட்டம்; நடுவே கொட்டகைகள். குழந்தைக்குக் குளியல், உணவு, பால், பகல் தூக்கம், விளையாட்டு எல்லாம் கிடைத்தன. பெற்றோரையும் அந்தப் பள்ளி அரவணைத்துக்கொண்டது.

அக்காளின் மறைவு

1917 மார்ச்சில், தம் பிறந்த நாள் அன்றே ரேச்சல் கண்ணை மூடினார். மார்கரெட் இடிந்து போனார். ஆனால் பள்ளியை மூடவில்லை. அதற்கு அக்காளின் பெயரையே சூட்டித் தொடர்ந்து நடத்தினார். 1918-ல் வந்த கல்விச் சட்டம், நர்சரி பள்ளிகளுக்குப் பொதுப்பணம் செலவிட வழி திறந்தது. 1930-ல், நர்சரி ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரிக்கும் ரேச்சலின் பெயரே வைக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் மார்கரெட்டும் மறைந்தார்.

வறுமையில் வாடும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரே இடத்தில் உதவ, 1998-ல் பிரிட்டிஷ் சர்க்கார் 'ஷூர் ஸ்டார்ட்' என்ற திட்டத்தை அறிவித்தது. உணவு, வைத்தியம், விளையாட்டு, தாய்க்குத் துணை ஆகிய நான்கையும் பிரிக்கக் கூடாது என்பதை, அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே டெப்ட்போர்டு தோட்டத்தில் செய்து காட்டியவர்கள், இந்தச் சகோதரிகள்.