அரைத் தொன் கூட்டுப்புழுக்களும் 25 மில்லிகிராமும்

பொலிஸாரிடம் சேகரிக்கப்பட்ட பல்லாயிரம் லீற்றர் சிறுநீரைக் காய்ச்சி, வடித்து, கடைசியில் 15 மில்லிகிராம் ஆண் ஓமோனை எடுத்தார் ஓர் இளம் ஜேர்மன் விஞ்ஞானி. 1931ஆம் ஆண்டு அது. அவர் அடோல்ஃப் பூட்டனாண்ட்.

1903இல் வடஜேர்மனியின் லேஹே நகரில் பிறந்தவர். 26 வயதிலேயே கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோனைத் தூய பளிங்காகப் பெற்றிருந்தார். அந்த ஆய்வில் கூட உழைத்த எரிக்காவைப் பின்னர் மணந்துகொண்டார். 1934இல் புரோஜெஸ்டிரோன். அதற்கு 50,000 பன்றிகளின் சூலகங்கள் தேவைப்பட்டன; கிடைத்ததோ 20 மில்லிகிராம்.

1936இல் பேர்லினில் கைசர் வில்ஹெல்ம் உயிர் இரசாயன நிறுவகத்தின் பணிப்பாளரானார். யூதர் என்பதால் வெளியேற்றப்பட்ட கார்ல் நொய்பெர்க்கின் நாற்காலி அது. அதே ஆண்டில் நாசிக் கட்சியிலும் சேர்ந்தார். ஆனாலும் 1939இல் கிடைத்த நோபல் பரிசை ஏற்க ஹிட்லரின் அரசு விடவில்லை. பதக்கமும் சான்றிதழும் 1949இல்தான் கைக்கு வந்தன, பணம் வரவில்லை.

போருக்குப் பின் பூச்சிகள் பக்கம் திரும்பினார். 1954இல் பீட்டர் கார்ல்சனுடன் சேர்ந்து 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து, புழுவைத் தோலுரிக்க வைக்கும் எக்டைசோனைப் பிரித்தார். 25 மில்லிகிராம் தேறியது. 1959இல் பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்கும் வாசனைப் பொருளான பொம்பிகோல். அதற்குப் பலியானவை ஐந்து இலட்சம் பூச்சிகள்.

இந்த ஓமோன்கள் எல்லாம் சாவிகள். பூட்டு, கலத்துக்குள் இருக்கும் ஏற்பிப் புரதம். ஒரு கலத்தில் அது மிகச் சொற்பமாகவே உண்டு. எத்தனை பன்றிகளை அரைத்தாலும் போதாது. வழி 1980களில் பிறந்தது. ஏற்பிக்கான மனித மரபணுவைப் பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோ வைரஸில் பொருத்தி, அந்துப்பூச்சியின் சூலகத்திலிருந்து வளர்த்தெடுத்த கலங்களில் தொற்றவிட்டார்கள். 27 பாகை வெப்பத்தில் இரண்டு, மூன்று நாட்களில் கலங்கள் ஏற்பியைத் தாராளமாக உற்பத்தி செய்தன. பக்டீரியாவில் செய்தால் இப்புரதம் பெரும்பாலும் சரியாக மடியாமல் கட்டிபட்டுப் போகும். பூச்சிக் கலம் அதைச் சரியாக மடித்து, பொஸ்பேற்றும் ஏற்றித் தரும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஆண் ஓமோன் ஆகிய மூன்றின் ஏற்பிகளும் இப்படிப் பெறப்பட்டவையே. மார்பகப் புற்றுநோய், புரொஸ்டேட் புற்றுநோய் மருந்து ஆய்வுகளுக்கு இவை அவசியம். அந்தக் கலங்களைத் தந்த பூச்சி எது தெரியுமா? 2018இல் நம் சோளச் சேனைகளை அழித்த அதே சேனா படைப்புழுதான்.

பூட்டனாண்ட் 1960 முதல் 1972 வரை மாக்ஸ் பிளாங்க் சங்கத்தின் தலைவராக இருந்தார். அதற்கு முன், 1949இல் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். ஒளஷ்விட்ஸ் முகாமிலிருந்து மெங்கேலே அனுப்பிய இரத்த மாதிரிகளைப் பெற்ற வெர்ஷூயரை, குற்றமற்றவர் போலக் காட்டும் அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். பூட்டனாண்ட் 1995 ஜனவரியில், 91ஆவது வயதில் மியூனிச்சில் காலமானார். நாசிக் காலத்தில் தன் முன்னோடி நிறுவனம் செய்தவற்றை ஆராய மாக்ஸ் பிளாங்க் சங்கம் குழு அமைத்தது 1997இல்.