தேவ்லாலியின் கணக்கு வாத்தியார்

மகாராஷ்டிரத்தின் தஹாணுவில் 1905-இல் பிறந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். பி.எஸ்ஸி.க்கு மேல் படிக்கவில்லை. 1930 முதல் 1962 வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். எண்களே அவருக்குப் பொழுதுபோக்கு.

4321 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழித்தால் 3087. மறுபடியும் அப்படியே செய்ய 8352, பிறகு 6174. அதன்பின் விடை மாறாது. நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு தடவைக்குள் 6174-இல் வந்து நிற்கும். 1949-இல் சென்னைக் கணித மாநாட்டில் காப்ரேகர் இதை அறிவித்தார்.

நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் நேர்ந்த தற்செயல்தானே இது என்று கேட்கலாம். ஐந்து ஐந்தாக எண்ணும் முறையில் 0 முதல் 4 வரை ஐந்தே இலக்கங்கள். அங்கேயும் நான்கிலக்க எண்கள் யாவும் 3032-இல் முடிகின்றன. நம் கணக்கில் அது 392. ஆனால் எல்லா அடிமானத்துக்கும் இந்த பாக்கியம் கிடையாது. ஆகவே இது வெறும் வேடிக்கையல்ல. ஆராய வேண்டிய கேள்வி.

இந்தியக் கணித மேதைகள் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே உலகம் அவரை அறிந்தது. 1986-இல் காலமானார். பட்டம் பார்த்து ஞானத்தை எடைபோடும் நமக்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம்.

பேரக்குழந்தைகளுடன் 6174-ஐப் போட்டுப் பாருங்களேன்!